ஒன்பதாம் பாடம் படித்த ஊர்

மற்ற ஊர்களில் கரண்ட் போனால் வேலை நிற்கும்; எங்கள் மேட்டுக்காட்டுப்புதூரில் கரண்ட் வந்தால் பேச்சு நிற்கும். வீட்டுக்கு ஒன்றாகப் பனியன் துணி பின்னுகிற மெஷினை வைத்துக்கொண்டு, அதன் சத்தத்திலேயே பிறந்து, அதன் சத்தத்திலேயே தாலி கட்டி, அதன் சத்தத்திலேயே பிள்ளை பெற்று வளர்த்த ஊர் அது. ஒரு காலத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்த எட்டு மணி நேரத்தில்தான் எங்கள் ஜனம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மனசுக்குள் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசும். முக்கியமான இடத்துக்குப் பேச்சு வரும்போது கரண்ட் வந்துவிடும். "இரு, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். பெண் கேட்க வந்தவர்கள் பாதியில் ஓடினார்கள், மன்னிப்புக் கேட்க வந்தவர்கள் பாதியில் ஓடினார்கள், செத்துப்போகலாம் என்று நினைக்கிறேன் என்று சொல்ல வந்த ஒருத்தி பாதியில் ஓடிப்போய், நூல் அறுந்ததைக் கட்டிவிட்டு, அதை மறந்து இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறாள். அப்புறம் கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஊரில் யாரும் யாரிடமும் எதையும் முடிக்கவில்லை.

அப்படி முடியாத பேச்சு எனக்கும் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவர்கள் கதையை எல்லாம் சொல்லித் தன் கதையை ஒளித்துவைக்கிற ஆசாமிகளை எனக்குப் பிடிக்காது. என் பெயர் சாந்தாமணி. தங்கை கௌசல்யா, என்னைவிட ஐந்து வயது இளையவள். அம்மா போன பிறகு அப்பா எங்கள் இருவரையும் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அரை மைல் ரோட்டைத் தவிர வேறு ரோட்டில் நடக்க விட்டதில்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லாத நேரத்தில், வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். கௌசி என் முழங்கையைத் தொட்டு, "அக்கா, ஒன்னு கேக்கோணும், கோவிச்சுக்காத" என்றாள். அப்போது விளக்கு எரிந்தது. காலையிலிருந்து அரிசி ஊறிக்கொண்டிருந்தது. "இரு கண்ணு, மாவு ஆட்டிப்போட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் கிரைண்டரைப் போட்டேன். ஆட்டி, வழித்து, குழவியைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் அவள் இல்லை, கொடியில் அவள் துணி இல்லை, பரணில் பச்சைப் பை இல்லை. பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று நான்காம் நாள் தெரிந்தது.

என்ன கேட்க வந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அதைவிட, இரு என்று சொல்லியும் அவள் இருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பா படுத்த படுக்கையான இரண்டு வருஷமும் நான் ஒருத்திதான் பார்த்தேன். அப்பா சாவுக்கு அவள் வந்தாள். பெண்களோடு பெண்ணாக நின்றாள். வந்த அத்தனை பேரிடமும் பேசிய நான் அவளிடம் பேசவில்லை. அவள் போன் செய்தபோதும் நான் எடுக்கவில்லை. "என்னிக்காச்சும் ஒரு நாள் வருவாயில்ல, அன்னிக்குப் பாத்துக்கறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் காத்திருப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தபாலில் படித்து வாங்கிய ஆங்கில பி.ஏ.வை வைத்துக்கொண்டு, பொன்னுசாமி டீக்கடைக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேச வேண்டியவர்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அந்தப் பக்கம் இருப்பவர் துணியின் எடையைக் கேட்டால், போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, "ஹலோ ஹலோ ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இந்த மெஷின் சத்தத்தில் வளர்ந்த தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதற்காகவே ஒன்பதாம் பாடத்தை எழுதினேன். இடையில் நின்றுபோன பேச்சை மரியாதையாகத் திரும்பத் தொடங்குவது எப்படி. இரண்டே வாக்கியம். "தேங்க்யூ ஃபார் வெயிட்டிங். ஷல் வி கன்டினியூ?" முதல் வாக்கியத்தில் அவர்கள் காத்திருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், இரண்டாவதில் அனுமதி கேட்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு ஆடி மாதம், எலாஸ்டிக் கம்பெனி ஆறுச்சாமியும் லேபிள் அச்சடிக்கிற நாச்சிமுத்துவும், ஐம்பதைத் தாண்டிய இருவரும், அவரவர் மகன்கள் பிடுங்கல் தாங்காமல் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். பங்காளிகள். கரண்ட் வந்து ஒரு பேச்சு பாதியில் நின்றதிலிருந்து பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. வரிசை எண்படி ஜோடி சேர்த்தபோது இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். மாற்றிவிடலாமா என்று நினைத்தேன், மிஸ் பயந்துவிட்டாள் என்று பேர் வரும் என்று விட்டுவிட்டேன். ஆறுச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒப்பித்தார். உடனே அவர்கள் தலைக்கு மேல் இருந்த ஃபேன் மட்டும் நின்றது. மற்ற மூன்று ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வந்தது நாற்பது வயது நாச்சிமுத்துவின் குரல், பீடியை விடுவதற்கு முன்னால் இருந்த கரகரப்போடு.

"…எங்கப்பன் சாவுக்கு நீ வரலைன்னு ஊரே பேசுச்சு. ஆனா நீ முன்னாலயே சுடுகாட்டுக்குப் போயி, வெறகெல்லாம் அடுக்கி வெச்சுப்போட்டு ஒதுங்கி நின்னியாமா. நேத்துத்தான் கேள்விப்பட்டேன். அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆறுச்சாமி கீழே பார்த்தார். "பெரியப்பனைத் தூக்கறதைப் பாக்க முடியலீடா" என்றார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நாச்சிமுத்துவின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, பதினோரு வருஷத்துக்கு முந்தைய வேர்வை, அதில் பீடி வாசம் இருந்தது. நான் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். பாடம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

மறுநாள் முதல் வகுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டோடு வியாபாரம் இல்லாதவர்கள் வந்தார்கள். உள்ளூரோடே வியாபாரம் இல்லாதவர்கள் வந்தார்கள். கீரை விற்கிறவர், பூசாரி, பஞ்சாயத்து எழுத்தர், மூன்று மருமகள்கள், அந்த மூன்று பேரின் ஒரே மாமியார், எல்லோரும் நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு படியேறினார்கள். முதல் எட்டுப் பாடத்தையும் விட்டுவிட்டு ஒன்பதாம் பாடத்தை மட்டும் சொல்லிக்கொடு என்று கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏ, பி, சி, டி தெரியாமல் யாரும் எந்தப் பேச்சையும் தொடரக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். அறுபது வயதில் ஏ ஃபார் ஆப்பிள் படித்தார்கள், பாவம், பொறுமையாகவே படித்தார்கள்.

தமிழில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க, மேல பேசலாங்களா" என்று கோயில் கமிட்டித் தலைவர் தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னபோது அண்ணன் சிரித்துவிட்டார், தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இருவரும் சிரித்துக்கொண்டே கோபமாகப் பிரிந்தார்கள். வீட்டு மனுஷரிடம் நன்றி என்று தமிழில் சொல்ல நமக்கு நாக்குக் கூசும். இங்கிலீஷில் சொன்னால் அது யாரோ சொல்வதுபோல ஆகிவிடுகிறது, முதலில் இறங்கி வந்தது நான் இல்லை, அந்த இங்கிலீஷ்தான் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் படித்தவர்கள் எங்கே போய்ச் சொன்னாலும் பலித்தது. துபாயில் பலித்தது, ஆஸ்பத்திரியில் பலித்தது, போனிலும் பலித்தது. திருப்பூரில் நான்கு இன்ஸ்டிட்யூட்காரர்கள் 'இங்கே ஒன்பதாம் பாடம் சொல்லித்தரப்படும்' என்று போர்டு வைத்தார்கள், அவர்களிடம் படித்தவர்களுக்கு நல்ல இங்கிலீஷ் மட்டும் வந்தது.

கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து ஏணி போட்டு ஏறி, நிற்கிற ஃபேனையும் நிற்காத ஃபேனையும் பார்த்துவிட்டு, வயரிங் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இறங்கிய கையோடு சேர்க்கைப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் ஒரு மச்சினன் இருந்தான்.

சீக்கிரமே ஊருக்கு ஒரு விஷயம் புரிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே காத்திருந்தால்தான் ஃபேன் நிற்கும், அவர் வாய் திறக்கும். மயிலாத்தா, கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆனவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். எப்போதும் உம்மென்று இருக்கிற அந்த மனுஷர், கல்யாணமான இரண்டாம் நாள் விட்ட இடத்திலிருந்து, "…உனக்கு எங்க வீடு புடிச்சிருக்கான்னு கேக்கலாம்னு பாத்தேன்" என்றார். அவள் அன்று முழுக்க அழுதுகொண்டே சமைத்தாள். வேலாத்தாள் கதை வேறு. கனடாவில் இருக்கிற மகனுக்கு வகுப்பிலிருந்தே போன் போட்டு, அட்சரம் பிசகாமல் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னாள். எங்களைவிட நன்றாகவே சொன்னாள். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. "அம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டுமா" என்றான் பையன். அவன்மேலும் தப்பில்லை, அவன் மீட்டிங்கில்தான் இருந்தான்.

வேலாத்தாள் படியிறங்கிப் போனபோது டீக்கடைப் பொன்னுசாமி எதுவும் கேட்காமல் ஒரு டீயை நீட்டினார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அது ஊர் வழக்கமானது. பலிக்காமல் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு டீ, கேள்வி கிடையாது. அந்த நேரத்தில் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'மாடி டீ குடிச்சவங்க' என்று ஒரு பேச்சே ஊரில் உண்டாகிவிட்டது. தரகர்கள் பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு அதையும் விசாரித்தார்கள். ஒன்பதாம் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, வாழ்நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட முடிவு செய்தவர்களும் இருந்தார்கள். காத்திருக்கவில்லை என்று தெரிந்துகொள்வதைவிட, காத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவர்களைக் கோழைகள் என்று நான் வகுப்பில் கேலி செய்திருக்கிறேன். என்னையே கேலி செய்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"மிஸ், நீங்க உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போடலாமில்லைங்க" என்று மயிலாத்தாதான் முதலில் கேட்டாள்.

"போனது அவ. அவதான் சொல்லோணும்" என்றேன்.

"யாரு சொன்னா என்னங்க மிஸ்."

"மரியாதைன்னு ஒன்னு இருக்குது மயிலாத்தா. பாதியில எந்திரிச்சுப் போனவங்கதான் நன்றி சொல்லோணும். பாடத்துல அப்படித்தான் இருக்குது."

பாடத்தை எழுதியது நான்தான் என்பதால் அதற்கு மேல் அவள் பேசவில்லை.

அடுத்த தை மாதம், சனிக்கிழமை வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பெயர்களை நான் தலை நிமிராமல்தான் படிப்பேன். கே. கௌசல்யா என்று படித்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். "பிரசன்ட் மிஸ்" என்று மூன்றாம் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. பெங்களூரிலிருந்து வந்து, படிவம் நிரப்பி, பணம் கட்டி, நாற்பது பக்க நோட்டோடு, லேபிள் கம்பெனிப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அம்மா மாதிரி ஆகியிருந்தாள். நான் பி என்று குறித்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தேன்.

எட்டு வாரம் வந்தாள். வாராவாரம் வெள்ளிக்கிழமை இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, சனிக்கிழமை வகுப்பை முடித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள். இங்கிலீஷில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவள், ஏ ஃபார் ஆப்பிளிலிருந்து எல்லாவற்றையும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னாள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் நோட்டில் நான் சரி போட்டேன், ஓரிடத்தில் 'கையெழுத்துத் திருந்த வேண்டும்' என்று சிவப்பில் எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேசவில்லை. வரட்டும், ஒன்பதாம் வாரம் வரட்டும் என்று இருந்தேன். ஊரும் அந்த வாரத்துக்காக இருந்தது.

ஒன்பதாம் சனிக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. படிக்கட்டில் நின்றார்கள். ஆறுச்சாமியும் நாச்சிமுத்துவும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுசாமி டீக்கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மூன்றாம் பெஞ்சைப் பார்க்காமல் பாடத்தை நடத்தினேன். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அவள் முறை வந்தது. அவள் ஜோடியாக இருந்த பெண் தானாகவே நகர்ந்துகொண்டாள். கௌசி எழுந்து, என் நேர் எதிரே வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"தேங்க்யூ ஃபார் வெயிட்டிங்." ஒரு மூச்சு விட்டாள். "ஷல் வி கன்டினியூ?"

நான் உண்மையிலேயே காத்திருந்திருந்தால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்திருக்கும். என் கையில் மாவு ஒட்டியிருக்கும், இருபத்தெட்டு வயதுக் குரலில் "ஆட்டியாச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்டிருப்பேன், அவள் சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது நின்றுவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் நான் வேண்டியது உண்மை, ஆனால் அந்த ஒரு நிமிஷ வேண்டுதல் பதிமூன்று வருஷத்துக்கு ஈடாகவில்லை. என் வாய் திறந்தது. தினமும் முப்பது பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது.

"வெயிட்டிங்னு சொல்றப்ப உதட்டைக் குவிக்கணும். ஒன்ஸ் மோர்."

கௌசி உதட்டைக் குவித்து மறுபடி சொன்னாள். திருத்தமாகச் சொன்னாள். ஃபேன் சுற்றியது.

"தேங்க்யூ மிஸ்" என்றாள். போய் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான், "நெக்ஸ்ட்" என்றேன். இதை எழுதும்போது கூட என் கை கூசுகிறது, ஆனால் நான் சொன்னது அதுதான். வகுப்பு முடியும்வரை இருந்து, கரும்பலகையில் இருந்த வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டு, எல்லோரோடும் இறங்கிப் போனாள். கீழே பொன்னுசாமி அவளுக்கு டீ கொடுத்தார். அதே கையோடு மாடிக்கு எனக்கும் ஒன்று அனுப்பினார்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டு காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அன்று பாதியில் எழுந்து போனவள் நான். இரு என்று சொன்னவள் நான். பாடத்தின்படி நன்றி சொல்ல வேண்டியவள் நான். என் வேலையை அவள் ஒன்பது வாரம் பஸ்ஸில் வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறாள். பதிமூன்று வருஷமாக எனக்குள் இருந்தது வெறும் கோபம். எழுந்து ஓடினேன். மெயின் ரோட்டில் பெங்களூர் பஸ் கிளம்பிப் போயிருந்தது.

அன்றிலிருந்துதான் நான் காத்திருக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது என்பதால் அடையாளம் தெரிந்தது. வந்தால் என்ன கேட்பது என்று எதையும் தயார் செய்துவைக்கவில்லை. பெங்களூர் பஸ்கள் வருகிற நேரம் ஆறும் மனப்பாடமானது. சனிக்கிழமை வருகைப் பதிவில் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தேன், வாராவாரம் படித்தேன், ஒரு நொடி நிறுத்தினேன், அந்த நொடியில் வகுப்பில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். பத்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறினேன்.

சேர்க்கைப் படிவத்தில் அவள் எழுதியிருந்த பெங்களூர் விலாசம், பீன்யா பக்கத்தில் ஒரு சின்னத் தெரு, மாடி வீடு. கதவைத் திறந்தவள் கௌசிதான். அவள் ஏதாவது சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, செருப்பைக் கழற்றாமல், வாசலிலேயே நின்று, உதட்டைக் குவித்து, நடுவில் ஒரு மூச்சு விட்டு, இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் இங்கிலீஷ் பேசியதில்லை.

அவளும் நானும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஹாலில் இருந்த ஃபேனைப் பார்த்தோம். அது நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாங்க்கா. உள்ள வாங்க" என்றாள். சின்ன வயதில் என்னை அவள் வாங்க போங்க என்று சொன்னதே இல்லை.

"எப்ப விட்ட கண்ணு?" என்றேன்.

காத்திருப்பதைத்தான் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. "அந்த சனிக்கெழமை வரைக்கும் இருந்ததுங்க்கா. பஸ்ல திரும்பி வர்றப்பப் பாத்தா, இல்லை. கோவமெல்லாம் ஒன்னுமில்லீங்க. எங்கியோ எறக்கி வெச்சுப்போட்டு வந்த மாதிரி இருந்துச்சு." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் தறிக்குப் பாகங்கள் செய்கிற பட்டறையில் வேலை, அன்றும் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை டியூஷனுக்குப் போயிருந்தது. சோறு பொங்கி இறக்கியிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன், தேங்க்ஸ் என்றாள். ஏழாம் பாடத்தில் வருகிற விருந்தாளியும் வீட்டுக்காரியும் பேசுவதுபோலவே பேசிக்கொண்டிருந்தோம். அதைத் தாங்க முடியாமல்தான் தமிழில், மரியாதை எதுவும் இல்லாமல், நேராகக் கேட்டேன்.

"அன்னிக்கு என்ன கேக்க வந்த கௌசி? கரண்ட் வந்து, நான் உள்ள போயிட்டேனே. அதுக்கப்புறம் கேக்காமயே போயிட்டியே."

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கேட்டனேங்க்கா."

"எப்ப?"

"நீங்க உள்ள போன பின்னாடி. சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டேன். பெங்களூர்ல ஒரு கம்பெனியில ரெண்டு பேருக்கு வேலை சொல்லி வெச்சிருக்கறேன், ஏழே காலுக்குப் பஸ்சு, நீயும் வர்றியாக்கா, நான் முன்னால போயி எடம் புடிக்கட்டுமான்னு கேட்டேன். நீங்க கிரைண்டருக்குள்ள கைய விட்டுத் தள்ளிக்கிட்டே என்னைப் பாத்து நல்லாத் தலையாட்டுனீங்க."

 எங்கள் ஊரில் மெஷின் ஓடும்போது யார் எதிரே வந்து எது சொன்னாலும் தலையாட்டுவோம். கேட்டது என்று அர்த்தம் இல்லை. இருக்கிறேன், பார்த்துவிட்டேன், அப்புறம் பேசலாம் என்று அர்த்தம். வாய் அசைவது தெரிந்தால் போதும், கழுத்து தானாக அசையும். பிறந்த குழந்தைகூட எங்கள் ஊரில் தலையாட்டிக்கொண்டேதான் பால் குடிக்கும். அன்று அவள் வாசலில் வந்து நின்றதும் எனக்கு ஞாபகம் இல்லை, தலையாட்டியதும் ஞாபகம் இல்லை. ஆனால் ஆட்டியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவளுக்கும் அந்தப் பழக்கம் தெரியும். அவளும் அந்த ஊர்தான். ஆனால் அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அக்கா சும்மா தலையாட்டுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

"பஸ்ல ஏறி ஜன்னலோரம் உங்களுக்கு விட்டுட்டு, பையை அதுல வெச்சேன். கண்டக்டர்கிட்ட ரெண்டு டிக்கெட்டு வாங்குனேன். மெயின் ரோட்டுல பத்து நிமிசம் நிப்பாட்டி வெக்கச் சொன்னேன், அந்தண்ணன் நல்லவரு, நிப்பாட்டுனாரு. அப்பா புடிச்சுக்கிட்டாரு போல, அடுத்த ஸ்டாப்புல வந்து ஏறிக்குவீங்கன்னு பாத்தேன். சேலம் வரைக்கும் அந்த சீட்டுல யாரையும் உக்கார உடலை. சேலத்துல ஒரு அம்மா கைக்கொழந்தையோட ஏறுனாங்க. அப்பத்தான் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்."

இதை எல்லாம் அவள் இன்றைய குரலில்தான் சொன்னாள், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல, நடுவில் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. நான் பத்து மாதம் முன்னால் அந்த மேஜைக்குப் பின்னால் சரியாக வாய் திறந்திருந்தால், இதே கேள்வியை அவள் இருபத்து மூன்று வயதுக் குரலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதில் வேண்டும் என்ற அவசரத்தோடு கேட்டிருப்பாள். அந்தக் குரலில் ஒரு தடவை என்னை ஒருத்தி ஓர் இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்குக் காதுல விழுகலை கண்ணு. சத்தியமா விழுகலை. விழுந்திருந்தா வந்திருப்பேன். அப்பாவாவது ஒன்னாவது, மாவை அப்படியே போட்டுப்போட்டு வந்திருப்பேன். சரின்னு சொல்லியிருப்பேன் கௌசி."

"தெரியுங்க்கா" என்றாள். "நீங்கதான் சரின்னீங்களே."